மெதுவாக வைத்தால் காணாமல் போகும் வலது பக்கம்

சென்ற மாதம் எங்கள் பழைய பணிமனைக்குச் சென்றிருந்தபோது, இப்போது அங்கே பொறுப்பிலிருக்கும் கபிலன் தமது கைப்பேசியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். பழுதுக்கு வரும் ஹோம் தியேட்டர் ரிசீவர் எதுவாயினும், வாடிக்கையாளர் சொல்லும் குறையை இனி எழுத வேண்டியதில்லை. பட்டியலில் ஒன்றைத் தொட்டால் போதும். ‘ஒலி இல்லை’, ‘ஒலி விட்டு விட்டு வருகிறது’, ‘தானாக அணைகிறது’, ‘ரிமோட் வேலை செய்யவில்லை’ என்று அது நீண்டது. சோதித்து முடித்தபின் தொடுவதற்கென்று அடியில் ஒரு பச்சைக் கட்டம் இருந்தது: ‘குறை ஏதுமில்லை.’

“எழுதற வேலையே இல்ல புலவரே. தொட்டா முடிஞ்சுது” என்றார் கபிலன். பணிமனையில் எனக்கு வைத்த பட்டப்பெயர் அது. “நம்ம மெக்கானிக் சங்க மலருக்கு இதப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்களேன்.”

நான்கு வரிகளில் இது அடங்காது. ஏனெனில் அந்தப் பச்சைக் கட்டத்தில் உள்ள சொற்களை நான் ஒருமுறை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு மனிதர் ஏறத்தாழ ஒரு மாத காலம் தம் வீட்டுப் படிகளை விட்டு இறங்கவில்லை.

என் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. ராயபுரத்தில் ஒரு மைக் செட் கடையில் ஒயர் சுற்றினேன். கோயில் திருவிழாக்களிலும் மாதா தேர் பவனியிலும் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கம்பத்தில் ஏற்றினேன். எரிந்த ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பார்த்தே மின்னணுவியல் கற்றேன். தமிழையும் அவ்வாறே, வாசகசாலை நூல்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றேன். எது கற்றாலும் அதை அணிந்துகொண்டு வெளியே போக வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. இந்த ஆசையைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

டோல்கேட்டுக்கு அருகே, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த சர்வீஸ் சென்டரில் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. அதன் உரிமையாளர் தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். நாங்கள் அண்ணாச்சி என்றுதான் அழைத்தோம். வெள்ளைச் சட்டை, மடித்து விட்ட கை. ஒரு பெட்டியைத் திறக்குமுன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பார். பிறகு திறந்த பெட்டியின்மேல் குனிந்து, கண்களை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பார். எரிந்த மின்தடைக்கு ஒரு வாசம், கசிந்த கண்டன்சருக்கு மீன் போன்ற ஒரு வாசம், உள்ளே செத்த பல்லிக்கு வேறொரு வாசம். மீட்டரை எடுப்பதற்கு முன்னே பாதிப் பழுதை அவர் மூக்கு சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு சீரிஸ் பல்பு. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மின்கம்பியின் நடுவே கோத்து, அதன் வழியாகவே பெட்டிக்கு மின்சாரம் கொடுப்போம். பல்பு ஒருமுறை மின்னி அடங்கினால் உள்ளே சேதமில்லை. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே அணைக்க வேண்டும். இந்த ஒழுங்கை மீறி நேரடியாக மின்சாரம் கொடுத்தவனை அண்ணாச்சி திட்டமாட்டார். அவன் எரித்த பாகத்தை அவன் மேசைமேலேயே ஒரு வாரம் வைத்திருப்பார். சாப்பிடும்போதும் அது எதிரில் இருக்கும்.

ஆயினும் அவர் உயிராகக் காத்த விதி, கருவிகளைப் பற்றியதன்று. வேலைச் சீட்டில் வாடிக்கையாளர் சொன்னதை, அவர் சொன்ன வாய்மொழியிலேயே எழுத வேண்டும் என்பதே அது. “நீரு உம்ம பாசையில எழுதாதயும் வே. அவிய சொன்னத அப்படியே எழுதும்” என்பார்.

அதன் பயனை நான் கண்ணால் கண்டதுண்டு. வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மாள் வந்து, “மாமியா வூட்டுக்கு வந்தா செட்டு நின்னுடுது” என்றார். நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். ஒருவர், “எங்க வூட்லயும் அதே கம்ப்ளெய்ண்ட்தாம்மா, அதுக்கு பார்ட்ஸ் கெடைக்காது” என்றார். அண்ணாச்சி சிரிக்காமல் அந்த வாக்கியத்தை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதினார். “மாமியா வந்தா செட்டுப் பக்கம் என்ன செய்யுதாவ தாயி?” என்று கேட்டார். மாமியார் சுத்தக்காரி, வந்த கையோடு பெட்டியில் தூசு படியக்கூடாதென்று தாம் பின்னிய நூல் விரிப்பைப் பெட்டியின்மேல் போர்த்துவாராம். காற்றுத் துளைகள் அடைபட்டு, பெட்டி சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் அந்தப் பழுது தீர்ந்தது.

இவ்வளவு பார்த்தும் நான் திருந்தவில்லை. ‘செட்டு பேஜார் பண்ணுது’ என்று ஒரு காகிதத்தில் என் கையால் எழுத எனக்குக் கூசும். அண்ணாச்சி பார்க்காத நேரத்தில், வந்தவர் பேச்சை நல்ல தமிழாக மாற்றியே எழுதிவந்தேன். அது அவர்களுக்கு நான் செய்யும் மரியாதை என்றும் எண்ணியிருந்தேன்.

தேவராஜ் வந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். இழுவைக் கம்பி அறுந்து முகத்தில் அடித்ததில் இரு கண்களும் போயின. அவரோடு வேலை பார்த்தவர்கள் கூடிப் பேசி, டி.வி. வாங்கிக் கொடுத்துப் பயனில்லை என்பதால், ஐந்து ஒலிபெருக்கிகளோடு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதன் ரிசீவர் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு மனைவி சுகுணாவுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“மெதுவா வெச்சா வலது பக்கம் தபேலா காணாம போயிடுது சார்” என்றார். “ஜாஸ்தி வெச்சா வந்துடுது. வந்தப்பறம் கம்மி பண்ணா கொஞ்ச நேரம் கீது. அப்பறம் திருப்பியும் எஸ்கேப்பு.”

நான் எழுதினேன்: ‘வலப்புற ஒலிபெருக்கியில் ஒலி இடையிடையே தடைபடுகிறது.’ எழுதியதை அவருக்குப் படித்தும் காட்டினேன்.

“சோக்கா கீது சார், ரேடியோ நியூஸ் மாறி” என்று சிரித்தார் அவர்.

சோதனை மேசை சாலையைப் பார்த்தபடி இருந்தது. கன்டெய்னர் ட்ரெய்லர்கள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் சாலை அது, எந்நேரமும் ஹாரன். அந்த இரைச்சலில் ஒரு பெட்டியின் ஒலியைக் கேட்க வேண்டுமென்றால் உரக்க வைத்துத்தான் கேட்க முடியும். எல்லாப் பெட்டிகளையும் அப்படித்தான் சோதித்தோம். தேவராஜின் பெட்டியை முகர்ந்தேன், பல்பில் போட்டேன், ஒலிபெருக்கி முனைகளில் மின்னழுத்தம் அளந்தேன், இரண்டு மணிநேரம் உரக்கப் பாடவிட்டேன். இரு பக்கமும் சரியாக இருந்தன. திருப்பிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் மீண்டும் வந்தார்கள். இம்முறை வலப்பக்கத்துப் பற்றவைப்புகளையெல்லாம் புதிதாக வைத்தேன். அரை நாள் பாடவிட்டேன். ஒரு தடங்கலும் இல்லை.

“உனக்குக் கேக்குதா?” என்று தேவராஜ் மனைவியைக் கேட்டார்.

“நல்லாத்தான் கேக்குதுய்யா. வூட்லயும் நீ எனக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் கேக்குதே.”

“உனக்குக் காட்டும்போது வந்துடுது. நான் தனியா கேக்கும்போது போயிடுது. அத்துக்கு என் மேல இன்னா கோவமோ.”

நான் சீட்டில் ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு சுகுணாவைச் சற்று ஒதுக்கி அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னேன்: “பெட்டியில் ஒன்றுமில்லை அம்மா. அவருடைய காதை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.”

திரும்பிப் பார்த்தபோது தேவராஜ் பெட்டியின்மேல் கை வைத்தபடி நின்றிருந்தார். அவர் முகத்தில் சற்றுமுன் இருந்த சிரிப்பு இல்லை. “போலாம் சுகுணா” என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் சுகுணா தனியாக வந்தார். கையில் பெட்டி இல்லை. நேரே அண்ணாச்சியிடம் சென்றார். மருத்துவமனையில் இரவுப் பணி ஆயாவாக இருப்பவர் அவர். பணி முடித்து உறங்காமல் வந்திருந்தார்.

“அண்ணாச்சி, எங்க வூட்டாளு கீழயே எறங்க மாட்டேங்குது. கண்ணு போயி ஆறு மாசத்துலயே குச்சிய வெச்சிகினு தனியா ரோடு தாண்டி டீக்கடைக்குப் போவும். நான் வேணாம்னாலும் கேக்காது. ‘காது கீது எனக்கு’ன்னு சொல்லும். இப்ப வலது காது போயிடுச்சுன்னு மூலையில உக்காந்துகினு கீது. ஆஸ்பத்திரில டெஸ்டுக்கு சீட்டு வாங்கினு வந்தேன். வரமாட்டேங்குது. ‘போயிடுச்சுன்னு டாக்டரு வாயால சொல்லிட்டா அப்பறம் நான் இன்னா பண்ணுவேன்’னு கேக்குது.”

“காது போயிட்டுன்னு யாரு சொன்னா?”

சுகுணா என்னைப் பார்த்தார். “சார் எங்கிட்ட மெதுவாத்தான் சொன்னாரு. அதுக்குக் கேட்டுடுச்சு.”

வெளியே ஒரு ட்ரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போய் முடியும்வரை அண்ணாச்சி காத்திருந்தார்.

“இந்தச் சத்தத்துல நீரு ரகசியமா சொன்னது, தள்ளி நின்ன மனுசனுக்குக் கேட்டிருக்கு. அவரு காதுக்கு என்னவே கேடு?”

அண்ணாச்சி இழுப்பறையிலிருந்து வேலைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு சுகுணாவிடம் கேட்டார்: “மொத நாளு அவரு இங்க வந்து என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு தாயி.”

சுகுணா சொன்னார். தபேலா காணாமல் போவதையும், ‘எஸ்கேப்’ ஆவதையும், கணவரின் குரலிலேயே சொன்னார். அண்ணாச்சியின் விரல் என் கையெழுத்தின்மேல் மெல்ல நகர்ந்து வரியின் முடிவுக்கு வந்து நின்றது.

“இதுல ‘மெதுவா வெச்சா’ எங்கவே?”

இரண்டே சொற்களில் இருந்த அந்தப் பழுதை அழகான ஒரு வாக்கியத்துக்காக நான் வெட்டி எறிந்திருந்தேன். மெதுவாக வைத்தால் வரும் குறையை, இரண்டு முறை, உரக்க வைத்துத் தேடியிருக்கிறேன். சுகுணா பகலில் உறங்குவார். அவர் உறக்கம் கலையாதிருக்கத் தேவராஜ் ஒலியைத் தாழ்த்தி வைத்துக் கேட்பார். அவர் விழித்த பிறகு கூட்டிக் காட்டும்போது ஒலி வந்துவிடும். இதையெல்லாம் அன்றுதான் கேட்டறிந்தேன். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

அண்ணாச்சி இழுப்பறையை மூடினார். “நீரே போயிட்டு வாரும். பெட்டிய இங்க கொண்டாராதயும். அது எங்க அழுவுதோ அங்க போயிப் பாரும்.”

சுகுணாவோடு நானும் நடந்தேன். டோல்கேட்டுக்குப் பின்புறம், குடியிருப்பின் மூன்றாம் மாடி. தேவராஜ் சுவரோரம் பாயில் அமர்ந்திருந்தார். என் காலடியைக் கேட்டதும் தலையைத் திருப்பினார்.

“இன்னா சார், காது டாக்டரு வூட்டாண்டயே வந்துட்டாரா?”

நான் தரையில் அமர்ந்தேன். “அன்று நான் சொன்னது தவறு, தேவராஜ். நீங்கள் சொன்னதைச் சரியாகக் கேளாமல் சொன்னேன். உங்கள் மனைவி உறங்கும்போது எப்படி வைப்பீர்களோ அப்படி வையுங்கள். நானும் கேட்கிறேன்.”

அவர் சற்றுத் தயங்கிக் கைநீட்டி, பெட்டியின் குமிழைத் தடவித் திருப்பினார். பழைய பாட்டு ஒன்று மிகத் தாழ்வாக எழுந்தது. இடப்பக்கம் வயலின் கேட்டது. நான் எழுந்துபோய் வலப்புற ஒலிபெருக்கியின்மேல் காதை ஒட்டி வைத்தேன். மூச்சை அடக்கிக் கேட்டேன்.

“வலப்பக்கம் ஒலி இல்லை” என்றேன். “எனக்கும் கேட்கவில்லை.”

அவர் அசையவில்லை. “இன்னொரு தபா சொல்லு சார்.”

சொன்னேன்.

“எனக்குப் பாவம் பாத்து சொல்றியா?”

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதில் பொருளில்லை. பெட்டியை அணைத்தேன். பின்புறத்தில் வலப்பக்கத்துக் கம்பியை இடத்திலும், இடப்பக்கத்துக் கம்பியை வலத்திலும் மாற்றிச் செருகினேன். எந்த ரிசீவரிலும் நாங்கள் முதலில் செய்யும் சோதனைகளுள் இது ஒன்று. குறை ஒலிபெருக்கியில் இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். பெட்டியில் இருந்தால் பக்கம் மாறும். குறை கேட்பவரின் காதில் இருந்தால் எந்தக் கம்பியை எங்கே மாற்றினாலும் அவருக்கு வலப்பக்கம்தான் மௌனமாக இருக்கும். இதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெட்டியை மீண்டும் போட்டேன். அதே தாழ்ந்த ஒலி.

தேவராஜின் தலை மெல்ல வலப்புறம் சாய்ந்தது.

“வயலினு இந்தாண்ட வந்துடுச்சு” என்றார். வலது கையை உயர்த்திக் காற்றில் காட்டினார். “இடது பக்கம் காலி.” பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, “அப்ப இது எதுல கேக்குது? வலது காதுலதானே கேக்குது?”

“வலது காதில்தான்.”

சுகுணா வாசலிலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தேவராஜ் வெகுநேரம் அந்த வயலினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “திரும்பி உக்காந்தே இத்த நான் பாத்திருக்கலாம் சார். இடது காதாண்ட அந்த பாக்ஸு வந்தா தெரிஞ்சிருக்கும். தோணுச்சு. பயமா இருந்துச்சு.”

சுகுணா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் கால் கொலுசைக் கண்டேன். கரியில் தோய்த்ததுபோல் கறுத்திருந்தது.

“வெள்ளியா அம்மா?”

“வெள்ளிதான் சார். மணலி கம்பெனிங்க புகைக் காத்து. தொலக்கித் தொலக்கிப் பாத்தேன், நாலு நாள்ல திருப்பியும் கறுத்துடுது.”

அப்போதுதான் என் மூளையில் அது விழுந்தது. ரிசீவரின் உள்ளே, ஒலி வெளியேறும் வாசலில் ரிலே என்றொரு சிறு பாகம் உண்டு. பெட்டியைப் போட்டதும் ‘டக்’ என்று கேட்பது அதுதான். இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டு ஒலிக்கு வழிவிடும். அந்தப் பொட்டுகள் வெள்ளி. மாடி வீட்டில் சன்னலோரம் அத்தனை காலம் அதே காற்றைக் குடித்திருக்கின்றன. கறுத்த படலத்தை உரத்த ஒலி உடைத்துக்கொண்டு போய்விடும். மெல்லிய ஒலிக்கு அந்த வலிமை இல்லை. மேல்மூடியைக் கழற்றி, திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் ரிலேயை ஒருமுறை தட்டினேன். மௌனமாயிருந்த பக்கத்தில் தபேலா துள்ளிக்கொண்டு வந்தது.

“அதோ!” என்றார் தேவராஜ். “எங்கடா போயிருந்த கஸ்மாலம், ஒரு மாசமா!”

பெட்டியைப் பணிமனைக்கு எடுத்துவந்தேன்; ரிலே மாற்றுவது அரைமணி நேர வேலை. இணையான பாகம் கிடைக்க இரண்டு நாட்கள் ஆயின. மாற்றியபின் அண்ணாச்சி உணவு வேளையில் கதவின் இரும்பு ஷட்டரை இறக்கச் சொன்னார், மின்விசிறிகளை நிறுத்தினார், எல்லோரும் பேச்சை நிறுத்திப் பெட்டியைச் சுற்றி நின்று, தாழ்ந்த ஒலியில் அந்தப் பாட்டை முழுதும் கேட்டோம். அன்றுமுதல் எந்தப் பெட்டியும் அந்தச் சோதனையின்றி வெளியே போகவில்லை. அந்த வேலைச் சீட்டு ஒரு வாரம் என் மேசைமேல், சாப்பாட்டுக்கு எதிரே இருந்தது. அதை அங்கே வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

பெட்டியை நானே தேவராஜின் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பழைய ரிலேயின் கூட்டைப் பிளந்து கையோடு கொண்டுபோயிருந்தேன். சுகுணா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என் கொலுசு மாதிரியே கீதுய்யா” என்று கணவரின் உள்ளங்கையில் வைத்தார். அவர் அந்தப் பொட்டுகளை விரல் நுனியால் தடவினார்.

“இத்தினூண்டா?” என்றார். “இத்துக்கா நான் பயந்துகினு இருந்தேன்?”

பெட்டியைத் தாழ்வாக வைத்து ஒரு பாட்டு கேட்டார். மற்றொன்றும் கேட்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் தாமே அணைத்தார்.

“சுகுணா, குச்சி எங்க வெச்ச?”

அந்த அம்மாள் கதவின் பின்னாலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாடியும் இறங்கி நெடுஞ்சாலையின் ஓரத்துக்கு வந்தோம். சாலையைக் கடப்பவனுக்கு வண்டிகள் முதலில் வலப்புறத்திலிருந்துதான் வரும். தேவராஜ் நின்றார். முகத்தை நேரே வைத்து, வலக்காதை மட்டும் வண்டி வரும் பக்கத்துக்குக் கொடுத்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. எனக்கு எதுவும் தெரியாத தொலைவில் அவர் எதையோ கேட்டார்.

“ட்ரெய்லரு” என்றார். “காலி வண்டி. பொட்டி இல்லாம லொடலொடன்னு வரான் பாரு. போவட்டும்.”

அது வந்தது, காலியாகத்தான் வந்தது, எங்களைக் கடந்து போயிற்று. என்னையறியாமல் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

“கைய வுடு சார்” என்றார். பிறகு அவரே என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். “உன்னிய நான் இட்டுகினு போறேன். வா.”

போனேன்.